ஷண்ட் வைத்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒவ்வொரு முறையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா?

உங்கள் அக்கா மகனுக்கு 3 மாதத்தில் தலையில் நீர் கோத்திருக்கிறது என்று மதுரையில் ஷண்ட், அதாவது நீரை வடிக்கும் டியூப், வைத்திருக்கிறார்கள். இப்போது 8 மாதம். காய்ச்சல், வாந்தி என்று எது வந்தாலும் இரண்டு மணி நேரம் பஸ் பிடித்து ஓடுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இனிமேல் ஓடுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று வீட்டில் சண்டை. இதோடு வெளிநாட்டு வால்வு மாற்றலாமா, குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டுக் காது குத்தலாமா, பையன் நன்றாகப் படிப்பானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

நான் டாக்டர் இல்லை. ஒரு அரசு மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது அதே துறையின் ஓ.பி.யில் ஷண்ட் வைத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பிள்ளையை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதும் நான் சொல்வதும் மோதினால் அவர் பேச்சையே கேளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் இருக்கும் அறைகளில் தெளிந்த நீர் ஒன்று சுரந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். மீதி முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அந்தப் பாதை அடைபட்டாலோ, ரத்தத்தில் கலப்பது குறைந்தாலோ நீர் தேங்கி அறைகள் உப்புகின்றன. குழந்தையின் மண்டை எலும்பு இன்னும் ஒட்டாததால் தலை பெரிதாகிறது. ஷண்ட் என்பது அந்த நீருக்குப் போட்ட மாற்றுவழி. அக்கா பையனின் காதுக்குப் பின்னால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அது வால்வு. அங்கிருந்து டியூப் கழுத்து, நெஞ்சு வழியாகத் தோலுக்கு அடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் போகிறது. ஒல்லியான பிள்ளைகளுக்கு அது ஒரு நரம்பு மாதிரி வெளியே தெரியும். வயிற்றுக்குள் நீளமாகவே டியூபை விட்டிருப்பார்கள், பிள்ளை உயரும்போது பற்ற வேண்டும் என்பதற்காக.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. அதை டிஸ்சார்ஜ் அன்று யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. ஷண்ட் நோயைக் குணப்படுத்துவதில்லை. நீரை வடிக்கிறது, அவ்வளவுதான். அது பழுதாகவும் செய்யும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டில் மூன்றில் ஒன்றுக்கு மேல் முதல் வருடத்திலேயே ஏதாவது கோளாறு கண்டு மறுபடி ஆபரேஷன் ஆகிறது. இரண்டு வருடத்துக்குள் பாதியளவு ஆகிவிடுகிறது. உலகம் முழுக்க, நல்ல ஆஸ்பத்திரிகளிலும் இதே கதைதான். ஆகவே மறு ஆபரேஷன் என்று வந்தால் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு 10 வருடம் ஓடும், எந்தப் பிள்ளைக்கு 10 மாதத்தில் அடைக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பயம் வீண் பயம் இல்லை. ஆனால் அதைக் காய்ச்சல் மேல் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

பழுது முக்கியமாக இரண்டு வகை: அடைப்பு, கிருமித் தொற்று. அடைப்புக்குப் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. தூக்கம்தான் அதன் முக்கிய அடையாளம். வழக்கமாக முழித்து விளையாடும் நேரத்தில் பிள்ளை சோர்ந்து கிடப்பான், எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடுவான், பால் குடிக்க மாட்டான். பேதி இல்லாமல் வாந்தி மட்டும் திரும்பத் திரும்ப வரும், காலையில் கூடுதலாக இருக்கும். உச்சிக்குழியைப் பாருங்கள். அழும்போது எல்லாப் பிள்ளைக்கும் அது புடைக்கும், படுத்திருந்தாலும் நிறைந்த மாதிரி தெரியும். அதனால் பிள்ளை அமைதியாக இருக்கும்போது உட்கார வைத்துத் தடவ வேண்டும். அப்போதும் விம்மி இறுக்கமாக இருந்தால் கவனிக்க வேண்டும். கருவிழி கீழே இறங்கி மேல்பக்கம் வெள்ளை தெரிந்தாலோ, நெற்றியில் நரம்பு புடைத்தாலோ, வழக்கத்தில் இல்லாத வீறிட்ட அழுகை அழுதாலோ, வால்வைச் சுற்றியோ டியூப் போகும் வழியிலோ நீர் கோத்து வீங்கியிருந்தாலோ, மேலே சொன்ன சோர்வு, வாந்தி, உச்சிக்குழி இறுக்கம் வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். வலிப்பு வந்தால், எழுப்பியும் எழவில்லை என்றால், மூச்சு விட்டுவிட்டு வந்தால் பஸ்ஸும் வேண்டாம், கார் தேடவும் வேண்டாம், 108.

தொற்று வருவதானால் பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து முதல் சில மாதங்களுக்குள் வரும். நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமி ஆபரேஷன் சமயத்தில் டியூபில் ஒட்டிக்கொள்வதுதான் முக்கியக் காரணம். உங்கள் பிள்ளைக்கு 5 மாதம் கடந்துவிட்டது, அபாயம் குறைந்துகொண்டு வருகிறது, ஆனால் தீரவில்லை. தையல் போட்ட இடம் சிவப்பது, நீர் கசிவது, டியூப் வழியே சிவப்புக் கோடு போவது, வயிறு உப்பித் தொட்டாலே அழுவது, காரணம் தெரியாத காய்ச்சல் நாள்கணக்கில் விட்டுவிட்டு வருவது இதெல்லாம் தொற்றின் முகம்.

இப்போது நீங்கள் கேட்ட காய்ச்சலுக்கு வருகிறேன். மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது, வீட்டில் இன்னொருவருக்கும் அதே சளி, காய்ச்சல் இறங்கியதும் பிள்ளை சிரிக்கிறான், பால் குடிக்கிறான், உச்சிக்குழி மெத்தென்று இருக்கிறது என்றால் அது ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் காய்ச்சல்தான். உள்ளூர்க் குழந்தை டாக்டரிடம் முதலில் காட்டுங்கள், ஷண்ட் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் கொடுங்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். வாந்தியோடு தண்ணீராகப் பேதியும் போனால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறுதான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும், உச்சிக்குழி குழி விழுந்தால் நீர்ச்சத்து வற்றுகிறது என்று அர்த்தம். தடுப்பூசி போட்ட அன்று ராத்திரிக் காய்ச்சலும் இப்படித்தான். தடுப்பூசி எதையும் தள்ளிப் போடாதீர்கள், ஷண்ட் அதற்குத் தடையே இல்லை. சந்தேகமாகவே இருந்தால் ஓடுங்கள், தப்பில்லை. அங்கே "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அது உங்கள் முட்டாள்தனம் ஆகிவிடாது. டாக்டர்களே ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் அந்த வார்த்தையைச் சொல்ல முடிகிறது.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்ப்பக்கம் இவை நடக்கும். வாந்தி எடுத்தால் குடலேற்றம் என்று சொல்லி, எண்ணெய் தடவி வயிற்றை நீவிக் குடல் தட்டும் பாட்டி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். ஷண்ட் வைத்த பிள்ளையை அவரிடம் கொண்டுபோக வேண்டாம். வயிற்றில் டியூப் இருப்பது ஒரு காரணம். அங்கே போய் அரை நாள் வீணாகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி சிரப்புகளில் பல தூக்கம் வரவைப்பவை. பிள்ளை மருந்தால் தூங்குகிறானா, அடைப்பால் தூங்குகிறானா என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. மூன்றாவது, வால்வை அமுக்கிப் பார்ப்பது. சில இடங்களில் அமுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால் அவர் சொன்ன முறையில், சொன்ன தடவை மட்டும் செய்யுங்கள். அவர் சொல்லாமல் நீங்களாகத் தொட வேண்டாம். அமுக்கினால் எழும்புகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு உள்ளே அடைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோதனையை நம்ப முடியாது.

எந்த அடையாளத்தையும்விட நான் பெரிதாக மதிப்பது அம்மாவின் கண்ணை. ஓ.பி.யில் ஒரு அம்மா, "சிஸ்டர், இவன் பார்வை இன்னைக்கு இவன் பார்வையா இல்ல" என்றார். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, சி.டி.யில் அறைகள் பழைய ஸ்கேனில் இருந்த அளவிலேயே இருந்தன. வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தார்கள். அவர் நகர மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். போன தடவை அடைத்தபோதும் முதலில் இப்படித்தான் பார்த்தான் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அட்மிட் செய்தோம், ராத்திரிக்குள் பிள்ளை மயங்க ஆரம்பித்தான், திறந்து பார்த்தால் மூளைக்குள் இருக்கும் மேல் டியூப் அடைத்திருந்தது. அடைப்பு இருந்தும் சி.டி. மாறாமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு, இதை நரம்பியல் டாக்டர்கள் எல்லோருமே அறிவார்கள். ஒரு பிள்ளைக்கு அடைப்பு ஒரு தரம் எப்படிக் காட்டியதோ, அடுத்த முறையும் பெரும்பாலும் அப்படியே காட்டும். உங்கள் பையனுக்கு 3 மாதத்தில் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் என்னென்ன இருந்தது என்று அக்காவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பட்டியல் அது.

கிளம்ப வேண்டிய நாள் வந்தால் பை தயாராக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், வால்வின் பெயரும் வகையும் அச்சிட்ட ஸ்டிக்கர், பிள்ளை நன்றாக இருந்தபோது எடுத்த கடைசி சி.டி. படம் மூன்றும் ஒரே கவரில் இருக்கட்டும். நல்ல நாள் ஸ்கேன் கையில் இருந்தால்தான் கெட்ட நாள் ஸ்கேனை ஒப்பிட முடியும். மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வையுங்கள். சோர்ந்து வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வழியில் பால் புகட்டாதீர்கள். புரை ஏறும், ஆபரேஷன் என்றால் மயக்க மருந்துக்கும் தாமதமாகும்.

வெளிநாட்டு வால்வு பற்றி. நம் அரசு மருத்துவமனைகளில் அதிகம் வைப்பது சாப்ரா ஷண்ட், உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராவது. விலை குறைவு என்பதால் மட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். உகாண்டாவின் எம்பாலே நகரில் குழந்தைகள் மருத்துவமனை நடத்திய அமெரிக்க அறுவை நிபுணர் பெஞ்சமின் வார்ஃப், இதே சாப்ராவையும் பல மடங்கு விலையுள்ள மேலைநாட்டு வால்வையும் வைத்துப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டார். ஒரு வருடத்தில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஷண்டை விலை உயர்ந்ததாக மாற்றுவதற்காக மட்டும் பிள்ளையின் தலையைத் திறக்கச் சொன்னால், நானாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியிலிருந்தே அழுத்தத்தை மாற்றும் காந்த வால்வுகள் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும், அதை டாக்டர் காரணத்தோடு சொல்வார். அந்த வகை வைத்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும், காந்தப் பொம்மையைக் காதோரம் வைத்து விளையாட விடக் கூடாது. பின்னால் எப்போதாவது மறு ஆபரேஷன் வந்தால் கேட்க வேண்டியது வேறு: ஆன்டிபயாடிக் ஏற்றிய டியூப் கிடைக்குமா? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1,600 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2019-ல் வந்தது. அதில் சாதாரண டியூபில் 6 சதவீதமாக இருந்த தொற்று, இந்த வகையில் 2 சதவீதமாக இருந்தது. டியூபே இல்லாமல் எண்டோஸ்கோப்பால் மூளை அறையின் அடியில் துளை போட்டு நீரை விடும் ஆபரேஷனும் உண்டு. அது நோயின் காரணத்தையும் வயதையும் பொறுத்தது. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லை, உங்கள் பையனுக்கு 3 மாதத்தில் ஷண்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அது காரணமாக இருக்கலாம்.

மொட்டைக்கு வருவோம். மாமன் மடிக்கு ஒரு தடையும் இல்லை. வால்வு மேட்டின் மேல் சவரக்கத்தி ஏறுவதுதான் பிரச்சினை. அங்கே தோல் மெல்லியது, ஒரு கீறல் விழுந்து புண்ணானால் கிருமி டியூபுக்கு இறங்க வழி கிடைத்துவிடும். ஆபரேஷன் தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, கத்திக்குப் பதில் மெஷின் போட்டு ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். மெஷின் ஒத்துவராது என்று கோயிலில் சொன்னால் புது பிளேடு போடச் சொல்லி, மேட்டை விரலால் காட்டி, அந்த இடத்தையும் டியூப் வழியையும் விட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு முடி மிஞ்சினால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. காது மடலுக்கும் டியூபுக்கும் சம்பந்தமில்லை, சுத்தமான புது ஊசியால் குத்தலாம். கூட்டத்தில் ஒரே ஊசியை எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற இடம் வேண்டாம். 9-ம் மாதம் தோதுப்படவில்லை என்றால் 11 இருக்கிறது, 3-ம் வயது இருக்கிறது.

வீட்டுப் பழக்கங்களில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாம், ஆனால் தலையையும் கழுத்தையும் உருவி அழுத்தும் பாட்டி வைத்தியம் வேண்டாம். ஒரே பக்கம் வால்வு அழுந்தப் படுக்க வைக்காதீர்கள், தலை கனத்த பிள்ளைக்குத் தோல் புண்ணாகும். தூளியில் போட்டால் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அடிக்கடி பார்த்து மாற்றுங்கள். மலச்சிக்கல் விடாதீர்கள், வயிற்றில் அழுத்தம் கூடினால் நீர் வடிவது மந்தமாகலாம். ஆண்பிள்ளை என்பதால் இன்னொன்று: ஷண்டுக்குப் பிறகு விதைப்பை வீங்கினாலோ, அரையில் புடைப்பு தெரிந்தாலோ காட்டுங்கள், குடலிறக்கம் இந்தப் பிள்ளைகளிடம் சகஜம். தலைச் சுற்றளவை அக்கா தினமும் அளக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நிறுத்தச் சொல்லுங்கள். தையல் டேப் ஒரு விரல் மேலே போனாலே அளவு மாறும், அந்த மாற்றம் ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். வாரம் ஒரு நாள், ஒரே ஆள், புருவத்துக்கு மேலேயும் பின்மண்டை மேட்டிலும் சுற்றி எடுத்தால் போதும். இந்த வயதில் மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. ஷண்ட் வைத்த பிள்ளைக்குச் சில மாதம் ஏறாமலே நிற்பதும் உண்டு. விடாமல் அதைவிட வேகமாக ஏறினால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.

படிப்பானா என்ற கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள், எந்தப் பக்கம் சொன்னாலும் சரி. தண்ணீர் ஏன் தேங்கியது என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. பிறவியிலேயே பாதை குறுகியிருந்ததால் வந்தது என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கும். மூளைக்காய்ச்சல், குறைமாதத்தில் மூளைக்குள் ரத்தக் கசிவு என்றால் அந்தச் சேதமும் சேர்ந்துகொள்ளும். முதல் சி.டி.யைப் பார்த்து "மூளை மெல்லிசா இருக்கு" என்று யாராவது சொல்லியிருந்தால் அதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம், அழுத்தம் இறங்கியதும் மூளை விரிந்துகொடுப்பதை அடுத்தடுத்த ஸ்கேன்களில் பார்க்கிறோம். கழுத்து நிற்பதும் உட்காருவதும் பிந்தலாம், தலைப் பாரமும் அதற்கு ஒரு காரணம். பிசியோதெரபியை இப்போதே ஆரம்பியுங்கள், மாறுகண் இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. என்ற குழந்தைகள் மையம் இருக்கும், இவை எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் இந்தப் பிள்ளைகளில் பலர் வாய் ஓயாமல் அழகாகப் பேசுவார்கள், கணக்கிலும் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலையிலும் தடுமாறுவார்கள். பேச்சைக் கேட்ட டீச்சர், "நல்லா வருது, சோம்பேறித்தனம்" என்று அடிப்பதும் நடக்கிறது. முதல் நாளே போய்ச் சொல்லி வையுங்கள்.

அக்கா தூங்குவதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று மாமியார் சொல்கிறாராம். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, மாமா நீங்கள் அதை அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அக்காவால் சொல்ல முடியாது. மேலே எழுதிய அடையாளங்களை நீங்களும் அத்தானும் படித்து, உச்சிக்குழியைத் தொட்டுப் பழகுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கட்டும். பார்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறார் என்று நம்பினால்தான் அவர் கண் மூடுவார். அதற்குப் பிறகும் தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகிறார் என்றால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அதுவும் வைத்தியம்தான். செலவுக்கு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லை என்றால் இப்போதே எடுத்து வையுங்கள், ராத்திரி 2 மணிக்கு அட்மிட் ஆகும்போது எந்த ஆபீஸும் திறந்திருக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அக்கா அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன், டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முதுகுத்தண்டு பிளவோடு வந்த நோய் என்றால், கருத்தரிப்பதற்கு மாதங்கள் முன்பிருந்தே டாக்டர் எழுதிக் கொடுக்கும் கூடுதல் அளவு போலிக் அமிலம் சாப்பிட வேண்டும். கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பித்தால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டிருக்கும். உங்கள் அம்மா வழியில் வேறு ஆண்பிள்ளைகளுக்கும் இதே மாதிரி தலை பெரிதாக இருந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். தாய் வழியாக மகன்களுக்கு மட்டும் இறங்கும் அரிய வகை ஒன்று இருக்கிறது, மரபணுப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். மற்றபடி அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனை நன்றாகப் பார்க்கத் தெரிந்த இடத்தில் எடுங்கள்.